ஐந்தாம் எண் முதுகு

அவளை ஒட்டு அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். டாக்டரிலிருந்து கூட்டித் துடைக்க வருகிறவர் வரைக்கும் அதே பெயர்தான். மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், முதுகுவலிப் பிரிவின் கடைசி அறை அவளுடைய ராஜ்யம். வருகிறவரின் முதுகில் எட்டு, வயிற்றில் நாலு, இடுப்பெலும்பின் மேல் ஒன்று என்று பொத்தான் அளவு வில்லைகளை ஒட்டுவாள். ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரை மாட்டுவாள். அங்கேயுள்ள தசைகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று கம்ப்யூட்டர் கோடு கோடாக வரைந்து காட்டும். பதினாலு வருடமாக இதே வேலை.

இத்தனை வருடத்தில் அவளுக்கு முகங்கள் மறந்துபோய்விட்டன, முதுகுகள்தான் நினைவில் நிற்கின்றன. கடைத்தெருவில் யாராவது "என்னக்கா, சௌக்கியமா?" என்றால் திருதிருவென்று விழிப்பாள். அவர் பேசி முடித்துவிட்டுத் திரும்பி நடந்த பிறகு, "அட, இவரா!" என்பாள்.

ஒட்டுவதில் என்ன பெரிய வித்தை என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் ஒட்டிப் பார்க்க வேண்டும். முதலில் அந்த இடத்து முடியை மழிக்க வேண்டும். சொரசொரப்பான ஒரு பசையால் தோல் லேசாகச் சிவக்கும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட வேண்டும். முதுகெலும்பின் முடிச்சுகளை விரலால் தடவி எண்ணி, சரியான முடிச்சிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒட்ட வேண்டும். ஒரு முடிச்சு தப்பினால் வேறு தசையின் கதையைக் கேட்டுக்கொண்டிருப்போம். வியர்வை இருந்தால் வில்லை வழுக்கும். ஒயர் ஆடினால் கோடு பேயாட்டம் ஆடும். "கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை இப்படி யாரும் தேய்ச்சதில்ல" என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். "அன்னைக்கே தேய்ச்சிருந்தா இன்னைக்கு இங்க வந்திருக்க மாட்டீங்க" என்றாள் அக்கா. அர்த்தமில்லாத பதில்தான். ஆனால் அவர் சிரித்தார், முதுகு இளகியது, ஒட்டுவதற்கு அது போதும்.

ஒட்டி முடித்ததும் நிற்கவைத்துச் சொல்வாள்: "மெதுவா குனிங்க. கையைத் தொங்க விடுங்க. அப்படியே இருங்க, மூணு எண்ணுறேன். இப்ப மெதுவா எழுந்திரிங்க." இதை மூன்று தடவை செய்ய வேண்டும். நல்ல முதுகாக இருந்தால் இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். குனியும்போது கீழ்முதுகுத் தசை பிரேக் மாதிரி பிடித்துப் பிடித்து உடம்பை இறக்கும், கோடு அடர்த்தியாகக் குதிக்கும். முழுக்கக் குனிந்து தொங்கியதும், எலும்புகளைக் கட்டியிருக்கும் நார்களின் தலையில் பாரத்தைக் கட்டிவிட்டுத் தசை ஓய்ந்துவிடும். கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். வலி இருக்கிற பலருக்கு இப்படி நடப்பதில்லை. தொங்கும்போதும் தசை பிடியை விடாமல், யாரையும் நம்பாத காவல்காரன் போல முழித்துக்கொண்டே நிற்கும். குனியும்போது செய்த வேலையைத் தொங்கும்போது செய்த வேலையால் வகுத்தால் ஒரு எண் வரும். தசை நன்றாக ஓய்ந்தால் எண் பெரிது. ஓயாவிட்டால் சிறிது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

"இது வலியை அளக்கிற மெஷின் இல்லீங்க. தசை என்ன பண்ணுதுன்னு மட்டும்தான் சொல்லும்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தங்கள் ஆட்களைச் சோதனைக்கு அனுப்புகிற கம்பெனிகள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: எண் எல்லைக்கு மேலேயா, கீழேயா? மேலே என்றால் "இயல்பு" என்று ரிப்போர்ட் போகும். கீழே என்றால் "தசை ஓயவில்லை" என்று போகும்.

அந்த எல்லை, கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் ஒரு தாளில் இருந்தது. மெஷின் வந்த முதல் வாரத்தில் போட்ட தாள். அப்போதிருந்த டாக்டர், இன்று ஓய்வு பெற்றுப் போய்விட்டவர், "நல்ல முதுகு எப்படி இருக்கும்னு நமக்கு முதல்ல தெரியணுமே" என்று ஊழியர்களில் ஐந்து பேரைப் பிடித்து அளந்தார். தாளில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான். முதல் ஆளுக்கு ஒன்பது, இரண்டாம் ஆளுக்கு எட்டு, மூன்றாம் ஆளுக்குப் பதினொன்று, நான்காம் ஆளுக்கு ஏழரை. ஐந்தாம் ஆளுக்கு வந்தது 2.4. டாக்டர் முகத்தைச் சுளித்தார். ஒயரை மாற்றினார், மறுபடி அளந்தார், மறுபடியும் 2.4. ஐந்து பேருமே தங்களுக்கு முதுகுவலி கிடையாது என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தவர்கள். "சரி, நல்லா இருக்கிற ஆளுக்கே இவ்வளவு குறைச்சலாவும் வரும் போல" என்று 2.4-க்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். அந்தக் கோட்டை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

அந்த ஐந்தாவது ஆள் ஒட்டு அக்காதான். "கடந்த ஓராண்டில் உங்களுக்கு இடுப்பு வலி இருந்ததா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். அது பச்சைப் பொய்.

ஏன் பொய் சொன்னாள் என்று அவளையே கேட்டிருந்தால், வேலை அப்போது நிரந்தரமாகவில்லை என்று சொல்லியிருப்பாள். நோயாளிகளைக் கட்டிலில் ஏற்றி இறக்குவதும் அப்போது அவள் வேலைதான். இடுப்பு வலி என்று சொல்கிறவளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? வாசலைக் காட்டுவார்கள். இது உண்மையான காரணம்தான். ஆனால் இதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அவளுடைய அம்மா மூன்று வருடம் படுத்த படுக்கையாக இருந்தாள், அக்காவின் வீட்டில்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, தூக்கியது முழுக்க அக்கா. அவளுக்கு ஒரு தம்பி. ஃப்ரிட்ஜும் பீரோவும் விற்கிற கம்பெனியில் அவற்றை வண்டியிலிருந்து இறக்கி மாடி ஏற்றிவைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவைப் பார்க்க வருவான், அம்மாவுக்குத் தலை வாரிவிடுவான், கதை சொல்லிச் சிரிக்கவைப்பான். தூக்குகிற நேரம் வந்தால் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பிடிச்சிருக்குக்கா, இன்னைக்கு முடியல" என்பான். ஃப்ரிட்ஜைத் தூக்குகிறவனுக்கு எலும்பும் தோலுமாக இருக்கிற அம்மாவைத் தூக்க முடியவில்லையாம். வயிறு எரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "வந்துட்டாருப்பா நம்ம நடிகர்!" வீடே விழுந்து விழுந்து சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. அக்கா ஒட்டினால் லேசில் பிரிந்து வராது. அவன் பிள்ளைகள்கூட "நடிகர் எங்க போயிட்டாரு?" என்று கேட்கிற நிலைமை வந்துவிட்டது.

அதற்கு மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில் அம்மாவை நாற்காலிக்கு மாற்றும்போது அக்காவின் இடுப்பில் சுளீரென்று ஏதோ வெட்டியது. ஒரு கணம் கண் இருண்டது. அம்மாவைக் கீழே போடவில்லை, அது ஒன்றுதான் நல்ல காலம். அன்றைக்கு வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அக்காவுக்கு வலிப்பது உண்மை என்றால் தம்பிக்கு வலிப்பதும் உண்மையாக இருக்கலாமே? இத்தனை பேர் சிரித்து ஜெயித்துக் கொடுத்த வழக்கு தோற்றுப்போகுமே? அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வருடம் அம்மா போய்ச் சேர்ந்தாள். வலி போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் குனிவதையே விட்டுவிட்டாள். கீழே ஏதாவது விழுந்தால் ஒரு முழங்காலை மடக்கி, முதுகு நேராக, அரியணையிலிருந்து இறங்கும் ராணி மாதிரி இறங்கி எடுப்பாள். மூன்று வருடம் முன்பு வந்த புது டாக்டருக்கு இதைப் பார்த்து உச்சி குளிர்ந்துவிட்டது. நோயாளிகளைக் கூட்டிவந்து, "அக்கா எப்படி எடுக்கறாங்க பாருங்க, இதுதான் சரியான முறை" என்று பேனாவைக் கீழே போட்டு எடுக்கச் சொல்லுவார். அக்காவும் எடுத்துக் கொடுப்பாள். அவள் மேல் வரும் தைல வாசனையை யாரும் சந்தேகப்படவில்லை. முதுகுவலிப் பிரிவில் யார்மேல்தான் தைல வாசனை வராது? மாலையில் அதைத் தேய்த்துவிடுகிற கணவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர், பக்கம் பக்கமாக அடுத்தவர் எழுத்தைக் கோத்துக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்து பழகியவர்.

இப்படியே ஓடியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நடிகர் வந்தான்.

மூன்று வாரமாக அவன் வேலைக்குப் போகவில்லை. படியில் ஒரு வாஷிங் மெஷினோடு சறுக்கியதிலிருந்து நிமிர முடியவில்லை. வண்டியிலிருந்து மாற்றிக் குடோனில் சீட்டு சரிபார்க்கிற மேசைக்குப் போடச் சொல்லிக் கேட்டிருந்தான். மேனேஜர், சனிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கொண்டு வா என்றார். முதுகில் கோளாறு என்று இருந்தால் மேசை. இயல்பு என்று இருந்தால் திங்கட்கிழமை வண்டியில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

"என் தம்பி, டாக்டர். வேற யாராவது அளக்கட்டுமே" என்றாள் அக்கா.

"வேற யாரு இருக்காங்க? மெஷினுக்கு அக்கா தம்பியெல்லாம் தெரியாது. நீங்களே ஒட்டுங்க" என்றார் டாக்டர்.

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். நாற்பத்தேழு வயது. முதுகின் வலது பக்கம் ஒரு பாளமாக இறுகிக் கிடந்தது. அக்காவின் விரல் முடிச்சுகளை எண்ணிக்கொண்டு போனது. நான்காவது முடிச்சில் அவன் மூச்சை இழுத்தான்.

"வலிக்குதா?"

"சொன்னா நம்பவா போற?" என்றான் அவன், கோபமில்லாமல். பழகிப்போன குரல்.

மூன்று தடவை குனிந்தான். மூன்றாவது தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். திரையில், தொங்குகிற அந்த மூன்று விநாடியும் கோடு படுக்கவே இல்லை, முள்ளு முள்ளாக நின்றது. அக்கா அந்தக் கோட்டை எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று யோசிக்க அவளுக்கு விருப்பமில்லை. கம்ப்யூட்டர் வகுத்துச் சொன்னது: 2.7.

டாக்டர் அறையில், அக்கா பக்கத்திலிருக்க, தம்பி நின்றுகொண்டே முடிவைக் கேட்டுக்கொண்டான். உட்கார்ந்தால் எழுவது கஷ்டம்.

"எண் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனா இயல்பு எல்லைக்குள்ளதான் இருக்கு" என்றார் டாக்டர். "நாங்க அளந்த வலி இல்லாத ஆளுங்கள்ல ஒருத்தருக்கு இதைவிடக் குறைவா, 2.4 வந்திருக்கு. அவங்க வலியே இல்லாம நல்லாத்தான் இருக்காங்க. அதனால மெஷினை வச்சு உங்களுக்குக் கோளாறுன்னு நான் எழுத முடியாது."

"அப்ப எனக்கு வலி இல்லைன்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லலை. ரிப்போர்ட்ல இயல்புன்னுதான் வரும். நாளைக்கு மத்தியானம் கையெழுத்துப் போட்டு வச்சிடறேன்."

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "விடுக்கா. நடிகருக்குக் கிடைக்க வேண்டிய பரிசுதான்" என்று சிரித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான்.

அவங்க வலியே இல்லாம நல்லாத்தான் இருக்காங்க. அக்காவின் காதில் டாக்டரின் அந்த வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது. எல்லை தன் முதுகை வைத்துப் போட்டது என்று இத்தனை வருடமும் தெரியாமல் இருந்தாள் என்றும் சொல்ல முடியாது, தெரிந்திருந்தாள் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பழைய மெஷினில் ஏதோ கோளாறு என்று தனக்குத் தானே பூசி மெழுகிவிட்டு, தாளைப் பார்க்காமலே கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மதியம் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டாள். 2.4-க்கு மேலே, ஏழரைக்குக் கீழே வந்து "இயல்பு" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எண்ணினாள். நாற்பத்து மூன்று பேர். பெயர்கள் ஞாபகம் வரவில்லை. முதுகுகள் வந்தன: இடது தோளில் பெரிய மச்சம் உள்ள பஸ் கண்டக்டர், வில்லையைப் பிய்க்கும்போது அழுத சலவைக்காரம்மா, முதுகு முழுக்க வெயிலில் கறுத்திருந்த கொத்தனார். அவர்களை எல்லாம் வேலைக்குத் திருப்பி அனுப்பியது அவளுடைய முதுகு. அக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மாலையில் கணவர் தைலத்தைத் தேய்க்கும்போது சொன்னாள். அவர் கை ஒரு நிமிடம் நின்றது.

"சொன்னா வேலைக்கு ஆபத்தா?"

"இருக்கலாம்."

"சொல்லலைன்னா?"

"தம்பி திங்கட்கிழமை ஃப்ரிட்ஜ் தூக்கணும்."

"அப்ப என்னை எதுக்கும்மா கேக்கற?" என்று மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை டாக்டர் வருவதற்கு முன்பே அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள்.

"இந்த அஞ்சாவது ஆள் நான்தான், டாக்டர். படிவத்துல பொய் எழுதினேன். அப்பவும் வலி இருந்தது. இப்பவும் இருக்கு. அந்த எண்ணால இயல்புன்னு திரும்பிப் போனவங்க நாற்பத்து மூணு பேர்."

டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "அக்கா, உங்களைக் காட்டித்தானே நான் எல்லாருக்கும் பாடம் நடத்திட்டு இருக்கேன்!"

"குனிய முடியாமத்தான் அப்படி எடுக்கறேன்."

அவருக்குக் கோபம் வந்தது. வராமலும் இருக்குமா? அதை அடக்கிக்கொண்டு, நம்புவதற்கு முன் அளந்து பார்த்துவிட வேண்டும் என்றார். அதில் ஒரு சிக்கல். ஒட்டு அக்காவுக்கு ஒட்ட யார் இருக்கிறார்கள்? டாக்டரே வில்லைகளைக் கையில் எடுத்தார். படித்த படிப்பெல்லாம் இருந்தும் முடிச்சை எண்ணத் தெரியவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டே அக்கா வேலை வாங்கினாள்: "இன்னும் ஒரு முடிச்சு கீழ... அதில்ல, டாக்டர், அது வேற தசை... ஆங், அதான். நல்லாத் தேயுங்க, கூச்சப்படாதீங்க." பிறகு நின்று, பதினாலு வருடத்தில் இரண்டாம் முறையாக, பிறர் பார்க்கக் குனிந்தாள். வலி முதுகிலிருந்து குதிகால்வரை இறங்கியது. முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பழக்கம்.

திரையில் முள்ளு முள்ளாக நின்றது கோடு. எண் 2.1.

"நீங்க போட்டுக் குடுத்த எல்லைக்கே நீங்க கீழ இருக்கீங்க" என்றார் டாக்டர். அதைச் சொன்ன பிறகு அவருடைய கோபம் பாதி இறங்கியிருந்தது. "அஞ்சு பேரை வச்சு எல்லை போட்டதே முதல் தப்பு. இருபது, முப்பது பேராவது வேணும். அதுவரைக்கும் இயல்புன்னு யாருக்கும் எழுதப் போறதில்ல. நாற்பத்து மூணு பேரையும் திரும்பக் கூப்பிடணும். அந்த வேலை உங்களோடது. அப்புறம், நீங்க ஒரு விளக்கம் எழுதிக் குடுக்கணும். மேல அனுப்புவேன். என்ன வரும்னு எனக்குத் தெரியாது."

"எழுதித் தர்றேன்" என்றாள். நாலே வரி. எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

அன்று சாயங்காலம் தம்பியின் புது ரிப்போர்ட்டை அவளே எடுத்துக்கொண்டு போனாள். அவன் கூடத்தில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் ஒரு நாற்காலியின் மேல் போட்டிருந்தான். அவனுக்கு மேலே காகிதத்தை நீட்டினாள். படுத்தபடியே வாங்கிப் படித்தான். "முழுதாகக் குனிந்த நிலையிலும் கீழ்முதுகுத் தசைகள் ஓயவில்லை. பாரம் தூக்கும் வேலை கூடாது." இரண்டு தடவை படித்தான்.

"நேத்து இயல்புன்னாங்களே?"

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தாளை, படிவத்தை, 2.4-ஐ. அவன் காகிதத்தை மடித்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான்.

"அம்மாவைத் தூக்கறப்பவா?"

"ஆமா."

"அதுலேர்ந்து தினமுமா?"

"தினமும்தான்."

"ஒரு நாள்கூட முகத்துல காட்டலையேக்கா." அவன் தலையைத் திருப்பி அடுப்படியில் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தான். "இங்க வந்து பாரு! நம்ம குடும்பத்துல நடிகர் யாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பதினாலு வருஷம் ஓடின படம்! நானெல்லாம் சும்மா!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிப்பு நடுவில் உடைந்துவிட்டது. "உனக்கு அந்தப் பேரை வச்சது நான்தாண்டா" என்றாள்.

அவன் கையை நீட்டி, பக்கத்திலிருந்த இன்னொரு நாற்காலியின் காலைப் பிடித்துத் தரையோடு இழுத்தான். நகர்ந்து இடம் விட்டான்.

"படு. காலை மேல போடு. பத்து நிமிஷத்துல கொஞ்சம் விடும்."

அவள் ஒரு முழங்காலை மடக்கி, முதுகு நேராக இறங்கப் பார்த்தாள். பாதியில் முடியாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். படுத்து, கால்களை நாற்காலிமேல் தூக்கிப் போட்டாள். தரை சில்லென்று இருந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலிக்குதுடா" என்றாள்.